இறக்கை தைத்தவள் ஏறவேண்டும்

எனக்கு விமானம் என்றால் பயம். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. எங்கள் ஊரில் என் வயதுக்காரர் விமானத்துக்குக் கை காட்டி வளர்ந்தவர்கள் அல்ல. சத்தம் கேட்டதும் சோற்றுக் கோப்பையை அப்படியே போட்டுவிட்டுப் குண்டுக்குப் பயந்து பங்கருக்குள் ஓடி வளர்ந்தவர்கள். பிரான்சுக்கு வந்ததும் விமானத்தில்தான். ஆனால் ஏறியதும் மூடிய கண்ணைப் பாரிஸில் சில்லு தரையைத் தட்டும்வரை நான் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் எனக்குப் பார்வை இல்லை என்று நினைத்துத் தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்துத் தந்தார். அப்படிப்பட்ட நான் விமான இறக்கை தைக்கும் வேலைக்குப் போனேன் என்றால், பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில் என்னைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள்.

லாச்சப்பலில் ஒரு தையற்கடையின் பின்னறையில் இருந்து சேலைச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் இல்லாத அறை. ஒருநாள் நீலச் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்து, இங்கே கையால் தைக்கக்கூடிய யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். கடைக்காரர் என்னைக் காட்டினார். வந்தவர் ஒரு தடித்த லினன் துணியும், மெழுகு பூசிய நூலும், குடைக் கம்பி நீளத்தில் ஒரு ஊசியும் மேசையில் வைத்தார். ஓரிடத்தில் அறுந்தால் மற்ற இடம் கழரக்கூடாது, அப்படித் தைக்க முடியுமா என்றார். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சுப் போட்டுத் தைத்து, கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்து, வெட்டிப் பாருங்கள் என்றேன். நடுவில் வெட்டி இழுத்துப் பார்த்தார். கழரவில்லை. திங்கட்கிழமை, பாரிஸின் புறநகரான பொண்டிக்கு வரமுடியுமா என்று கேட்டார்.

என்ன தைக்கவேண்டும் என்று நான் கேட்டேன். பழைய சாமான்களைத் திருத்தும் பட்டறை என்றார். சோபா என்று நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

பொண்டியில் தோட்டம் வைத்த வீடுகள் உள்ள ஒரு தெருவின் கடைசியில் இருந்தது அந்தப் பட்டறை. உள்ளே போனதும், மார்க்ஸ் டோர்மோயில் நாங்கள் இருக்கும் வீட்டின் சாலோன் என்கிற முன்னறையையும் சமைக்கும் குசினியையும் சேர்த்தால் வரும் நீளத்தில், மெல்லிய மரச் சட்டங்களால் ஆன ஏதோ ஒன்று நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. இது என்ன, கட்டிலா என்று கேட்டேன். அங்கே தச்சு வேலை செய்யும் போர்த்துக்கல்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அது விமானத்தின் இறக்கை.

அந்த நிமிடமே திரும்பி நடந்திருக்கவேண்டும். ஆனால் அந்த மனுசன் சிரித்துவிட்டாரே! எனக்குக் கோபம் வந்தால் பயம் தெரியாது. பயம் பிறகுதான் ஆறுதலாக, மெல்ல மெல்ல வந்து என்னைப் பிடித்து உலுக்கும். பையைக் கொளுக்கியில் மாட்டிவிட்டு, ஊசி எங்கே என்று கேட்டேன்.

வேலை இப்படித்தான். இறக்கைக்கு மனிதருக்கு இருப்பதுபோல விலாக்கள் உண்டு, மரத்தில். அதன் இரண்டு பக்கமும் துணியைப் போர்த்து, விலாவைச் சுற்றி ஊசியை இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் விட்டு முடிச்சுப் போடவேண்டும். ஒரு ஆளால் முடியாது. நான் ஒரு பக்கம் நின்று குத்தினால், போர்த்துக்கல் அண்ணை மறுபக்கம் நின்று ஊசியை வாங்கித் திருப்பிக் குத்துவார். மனதுக்குள் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். நடுவில் துணி இருப்பதால் இரண்டு பேருக்கும் முகம் தெரியாது. ஊசி முனை மட்டும் வந்து வந்து போகும்.

பத்ரோன், அதுதான் கடைக்கு வந்த முதலாளி, எதையும் விளக்கமாகச் சொல்லுகிறவர். பறக்கும்போது காற்று இறக்கையைக் கீழிருந்து தள்ளுவதைவிட மேலிருந்து உறிஞ்சுவதுதான் அதிகம் என்றார். மேல் துணியைக் காற்று விடாமல் மேலே இழுத்துக்கொண்டே இருக்குமாம். தையல் விட்டால் துணி பலூன் மாதிரி ஊதும், பிறகு இறக்கை இறக்கையாக இருக்காது என்றார். இதையெல்லாம் எனக்கு ஏன் சொன்னார் என்று அவரில் இன்றைக்கும் எனக்குக் கோபம். அன்று முதல் முடிச்சுப் போடும்போதெல்லாம் என் விரல் வேர்த்தது.

நடுச் சுவரில் ஒரு பழைய படம் தொங்கியது. ஒரு சிறிய விமானம், ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு திறந்த இருக்கைகள். முன் இருக்கையில், வேலைக்குப் போடும் ஏப்ரனோடும் தோல் தொப்பியோடும் ஒரு பெண். அவள் கண்ணைப் பார்த்தேன். சாவதற்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று நம்பிவிட்ட ஆளின் கண் அது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், யார் அது என்று பத்ரோனிடம் கேட்டேன்.

அந்த இடம் அவருடைய தாத்தா காலத்தில் நாற்காலியும் அலுமாரியும் செய்த பட்டறை. உலகப் போர் வந்தது. நாற்காலி வாங்க ஆள் இல்லை. விமானம் ஓட்டப் பழகிய இளைஞர்கள் தரையில் மோதி உடைத்த மர விமானங்களை லொறியில் ஏற்றிவந்து முற்றத்தில் இறக்கினார்கள். நாற்காலிக் கால் கடைந்தவர்கள் இறக்கைக்கு விலா செதுக்கினார்கள். மெத்தை உறை தைத்த பெண்கள் இறக்கைக்குத் துணி தைத்தார்கள். ஒருமுறை, திருத்தி அனுப்பிய ஒரு விமானத்தின் இறக்கைத் துணி வானத்தில் வைத்துக் கழன்றுபோனது. ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவன் செத்துப்போனான். யார் தைத்த துணி என்று கேட்டபோது பட்டறையில் யாரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு தாத்தா ஒரு விதி வைத்தார். செதுக்கியவன், ஒட்டியவன், தைத்தவள், யார் கை வைத்தாலும் முதலில் அவர்கள் அதில் ஏறிப் பறந்துவிட்டு வரவேண்டும். பிறகுதான் அந்த இளைஞர்களுக்குக் கொடுப்பது. படத்தில் இருந்தவள் அப்படி ஏறிய ஒரு தையற்காரி.

"இப்பவுமா?" என்று கேட்டேன்.

"இப்பவும்தான், மதாம். முதலில் நான் தனியாகப் பல தடவை பறந்து பார்ப்பேன். பிறகு நீங்கள்" என்றார் பத்ரோன், உப்பை எடுத்துத் தாருங்கள் என்று கேட்பதுபோல.

முடியாது என்றேன். அவர் கோபிக்கவில்லை. "வேண்டாம் என்றால் வேண்டாம். கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் தைத்ததைப் பிரித்துவிட்டு வேறு ஒருவரைக் கொண்டு தைக்கவேண்டி வரும். ஏற மாட்டேன் என்பவரின் தையலில் நான் பறக்க முடியாது."

என் தையலைப் பிரிப்பதா! வெள்ளைப் பட்டுச் சட்டைக்குக் கை வைத்து, மணப்பெண் மேடையில் ஏறும்வரை ஒரு நூல் பிசகாமல் தைத்துக் கொடுத்த என் தையலையா! ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அன்று பின்னேரம், முந்தின கிழமை தைத்த விலாக்களில் சந்தேகப்பட்ட இடங்களை எல்லாம் நானே பிரித்து மறுபடி தைத்தேன். மறுபக்கத்தில் போர்த்துக்கல் அண்ணை சலிக்காமல் ஊசியைத் திருப்பிக் குத்திக்கொண்டிருந்தார். அவரும் ஏறவேண்டியவர்தானே.

வீட்டில் இதைச் சொல்வது அதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. என் கணவர் ஒரு உணவகக் குசினியில் வேலை செய்கிறார். நெருப்புக்கும் கத்திக்கும் பயப்படாத ஆள். ஆனால் ஒவ்வொரு வருடமும் பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் திகதி பாரிஸுக்கு மேலால் போர் விமானங்கள் வரிசையாகப் பறக்கும்போது குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நிற்பார். குளிக்க மாட்டார், தண்ணீர் சத்தம் மட்டும் கேட்கும். நானும் மகளும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் வெளியே வரும்போது தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன்.

"மமோன், செ ஜெனியல்!" என்று மகள் துள்ளினாள். அவளுக்கு எல்லாமே ஜெனியல்தான், பிரமாதம்தான். கணவர் பிளேட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

"நீர் போகவேண்டாம்" என்றார்.

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"இல்லை எண்டு சொல்லும். துணியாலை சுத்தின மரத்திலை ஏறி ஆகாயத்துக்குப் போறதே? உமக்கென்ன விசரே?"

"அந்தத் துணியைத் தைச்சது நான். உங்களுக்கு என்ரை தையலிலை நம்பிக்கை இல்லையோ?"

"உம்மடை தையலிலை நம்பிக்கை இருக்கு. ஆகாயத்திலைதான் இல்லை" என்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பேசாமல் இருக்கும் ஆம்பிளையை நம்பக்கூடாது என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்கவேண்டும்.

இறக்கைகளைத் தைத்து முடித்தோம். துணியை இறுக்க அதன் மேல் ஒரு வெர்னி, ஒரு வகை வார்னிஷ், பூசுவார்கள். நகப்பூச்சு மணம், தலையிடி. பூசி உலர்ந்ததும் துணி தவில் தோல் மாதிரி விறைத்தது. விரலால் தட்டினால் ஒலித்தது. பத்ரோன் விமானத்தைக் கழற்றி லொறியில் ஏற்றி, பாரிஸுக்கு வெளியே கிழக்கே ஒரு புல் மைதானத்துக்குக் கொண்டுபோய்ப் பொருத்தினார். தனியாகப் பல தடவை பறந்தார். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொலைபேசியில் சொல்லுவார்: "உங்கள் தையல் அசையவில்லை, மதாம்." நன்றி என்று சொல்லிவிட்டு, தொலைபேசியை வைத்துவிட்டு, என் முறை ஒரு நாள் கிட்ட வந்துவிட்டதே என்று கணக்குப் பார்ப்பேன். காற்று அடிக்கவேண்டும், மழை பெய்யவேண்டும் என்று வேண்டாத சாமி இல்லை. அந்த வருடம் பார்த்து வெயில் கொட்டியது.

நான் ஏறவேண்டிய சனிக்கிழமை காலையில் கணவர் வெளிக்கிட்டு நின்றார். வேலைக்கு லீவு சொல்லிவிட்டாராம். "நானும் வாறன்" என்றார். ரூ பஜோல் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போய்வந்ததாகவும் சொன்னார். தேர் நாளைத் தவிர அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனுசன்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் கட்டி இத்தனை காலத்தில் இவர் எனக்காகப் பிள்ளையாரைக் கும்பிட்டார் என்று நினைத்து உருகிப்போனேன்.

மைதானத்தில் அந்த விமானம் புல்லில் நின்றது. பட்டறையில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. இதிலா என்று இறக்கையை விரலால் தட்டிப் பார்த்தேன். கணவர் பையில் இருந்து குங்குமப் பொட்டு வைத்த தேசிக்காய்களை, அதுதான் எலுமிச்சங்காய்களை, எடுத்து, புதுக் கார் எடுத்தால் சில்லுக்குக் கீழே வைத்து நசித்து ஓட்டுவது எங்கள் வழக்கம் என்று பத்ரோனிடம் தன் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினார். பத்ரோன் மரியாதையாகக் கேட்டார். ஆனால் மாட்டேன் என்றார். சில்லுக்குக் கீழேயும் மூக்கில் சுழலும் விசிறிக்குக் கிட்டவும் எதுவும் இருக்கக்கூடாது. "டக்கோர், மெசியு" என்று கணவர் தேசிக்காய்களைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இவ்வளவு லேசாகச் சம்மதிக்கும் ஆள் அவர் இல்லையே என்று நினைத்தேன். அதற்குள் பத்ரோன் என்னை ஒரு சிறிய கொட்டகைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே என் பொக்கற்றுகளை வெறுமையாக்கச் சொன்னார். வீட்டுத் திறப்பு, சில்லறை, தொலைபேசி, தலைக் குத்தூசி எல்லாம் மேசைக்கு வந்தன. இருக்கைக்குக் கீழே விமானத்தைத் திருப்பும் கம்பிகள் எல்லாம் திறந்தபடியே ஓடுகின்றன, ஒரு சின்னச் சாமான் உருண்டு அதற்குள் போய் இறுகினால் ஓட்டும் பிடியை அசைக்க முடியாது, விமானத்தின் மூக்கு கீழே பார்த்தபடியே நின்றுவிடும் என்றார். நான் கழுத்தில் கையை விட்டு, தாலிக்கொடியில் கோத்து வைத்திருந்த சட்டை ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தேன். பத்ரோன் அவற்றை எண்ணாமல் எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இரைச்சலில் பேசுவதற்கு வழியில்லை, பயமாக இருந்தால் இடது கையைத் தூக்குங்கள், உடனே இறக்கிவிடுகிறேன் என்றார். முன்னால் இருக்கும் பிடியைத் தொடக்கூடாது. மிதிகளில் கால் படக்கூடாது. பின்னால் அவர் ஓட்டும்போது அவை தானாக அசையும்.

நாங்கள் திரும்பி வந்தபோது கணவர் விமானத்துக்குப் பக்கத்தில் நின்றார். போர்த்துக்கல் அண்ணை அவருக்கு முன் இருக்கையின் பட்டியைக் காட்டிக்கொண்டிருந்தார். என் தோளில் பட்டியைப் போட்டு இறுக்கினார்கள். குனிய முடியாத இறுக்கம். கணவர் என் தலையில் கையை வைத்து, "ஒண்டும் நடவாது" என்றார். அவர் முகத்தில் பயத்துக்குப் பதிலாக ஏதோ ஒரு நிம்மதி இருந்ததைப் பார்த்தேன். கோயிலுக்குப் போனதின் பலன் என்று நினைத்தேன்.

இயந்திரம் இரைந்தது. அந்தச் சத்தம்! ஜெட் விமானத்தின் சத்தம் வேறு. இது விசிறிச் சத்தம். ஊரில் சகடை என்று நாங்கள் பெயர் வைத்திருந்த குண்டு விமானம் இப்படித்தான் மெல்ல மெல்ல வட்டமடித்துக்கொண்டு வரும். என் முதுகு தானாகக் குனியப் பார்த்தது, பட்டி விடவில்லை. ஓடு, கீழே போய்ப் படு என்று உடம்பு முழுவதும் கத்தியது. நான் சத்தத்துக்குள்ளேயே கட்டி வைக்கப்பட்டிருந்தேன். புல் பின்னால் ஓடியது, அடி அடி என்று குலுங்கியது, திடீரென்று குலுக்கம் நின்றது. தரை கீழே போய்விட்டது.

அப்போதுதான் என் குதிக்காலில் ஏதோ தட்டியது.

குனிய முடியாவிட்டாலும் தலையைத் தாழ்த்திப் பார்க்க முடிந்தது. என் சப்பாத்துக்குப் பக்கத்தில், நெற்றியில் குங்குமத்தோடு, ஒரு தேசிக்காய்.

எப்படி வந்தது, யார் வைத்தது என்று யோசிக்க எனக்கு நேரம் தேவைப்படவில்லை. கணவர்தான் இருக்கைக்குக் கீழே சொருகிவிட்டிருக்கிறார். நான் உட்கார்ந்த பாரத்திலும் குலுக்கத்திலும் அது வழுக்கி வெளியே வந்திருக்கிறது. விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்ததால் அது பின்பக்கம் சாய்ந்து நின்றது. எனக்கு முன்னால் அந்தப் பிடி, தரையில் ஒரு கை அகலத் துவாரத்துக்குள் இருந்து வெளியே வந்து, யாரும் தொடாமல் அங்கும் இங்கும் அசைந்தது. துவாரத்துக்குள் இருட்டு. தேசிக்காய் அதற்குள் அளவாகப் போகும்.

இடது கையைத் தூக்கப் போனேன். பாதியில் நிறுத்தினேன். கையைத் தூக்கினால் பத்ரோன் இறக்குவார். இறக்கினால் மூக்கு கீழே போகும். மூக்கு கீழே போனால் தேசிக்காய் முன்னால் உருளும்.

காலால் பிடிக்கவேண்டும். வேறு வழியே இல்லை. ஆனால் அது பிள்ளையாரின் காலடியில் வைத்து எடுத்த தேசிக்காய். சாமி சாமானில் கால் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கும்பிடுகிற ஆள் நான். அந்த உயரத்தில், உயிர் போகிற நேரத்தில், ஒரு கணம் என் கால் கூசி நின்றது என்றால் நம்புவீர்களா? அந்தக் கணத்தில் விமானம் பக்கவாட்டில் சரிந்தது. தேசிக்காய் உருண்டு மிதிப் பக்கம் போனது. மிதி தானாக முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது; அதில் கால் பட்டாலும் ஆபத்து. "பிள்ளையாரே, கோவிக்காதையுங்கோ" என்று உரத்துக் கத்திக்கொண்டு, வலது காலை மிதிக்கும் பிடிக்கும் நடுவால் நீட்டி, சப்பாத்து நுனியால் அதை மெல்ல இழுத்தேன். வழுக்கியது. மறுபடி இழுத்தேன். துவாரத்தின் விளிம்பு வரை போய் நின்று ஆடியது. என் வாழ்க்கையில் நான் எதையும் அப்படிப் பார்த்ததில்லை. கடைசியில் இரண்டு சப்பாத்துக்கும் நடுவில் வந்து மாட்டியது. நசித்துவிடுவோம் என்றால் சாறு பட்டு வழுக்கி ஓடிவிடுமோ என்று பயம். முட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் இடது கையைத் தூக்கினேன்.

மூக்கு கீழே போனது. தேசிக்காய் முன்னால் தள்ளியது. நான் முழங்காலை இறுக்கிக்கொண்டு இருந்தேன். என்னைச் சுற்றி வானம் இருந்திருக்கும், வயல்கள் இருந்திருக்கும், நான் தைத்த இறக்கை இரண்டு பக்கமும் இருந்திருக்கும். ஒன்றையும் நான் பார்க்கவில்லை. சில்லு தரையில் பட்டு, எழும்பி, மறுபடி பட்டு ஓடி நின்றபோதும் என் கண் சப்பாத்துக்கு நடுவில்தான் இருந்தது.

பட்டியைக் கழற்றியதும் குனிந்து அதை எடுத்தேன். பத்ரோன் இறங்கி, சிரித்துக்கொண்டு எனக்குக் கை கொடுக்க வந்தவர், என் கையில் இருந்ததைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அதை வாங்கி, பிடி வரும் துவாரத்தில் வைத்துப் பார்த்தார். அது சரியாக உள்ளே இறங்கியது. அவர் விரலால் பிடித்துத் திருப்பி எடுத்தார். பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்தார்.

ஓடிவந்த கணவர் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். சொன்னேன் என்ன, கத்தினேன். லாச்சப்பல் மீன்கடையில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. "என்னைக் கொல்லுறதுக்கோ கோயிலுக்குப் போனனீங்கள்?" என்று கேட்டேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு உடனே கோபம் வடிந்து, ஏன் சொன்னேன் என்று ஆகிவிட்டது.

போர்த்துக்கல் அண்ணைதான் பகிடி விட்டார். "பட்டறை விதிப்படி, விமானத்தில் கை வைத்தவர் ஏறவேண்டும். இந்த மெசியுவும் கை வைத்துவிட்டாரே!" பத்ரோன்கூட மூக்கால் சிரித்தார். நானும் சிரித்தேன், அழுகையோடு.

கணவர் சிரிக்கவில்லை. தன் மேற்சட்டையைக் கழற்றி என்னிடம் தந்தார். பொக்கற்றில் இருந்த திறப்பு, மெட்ரோ அட்டை, மீதித் தேசிக்காய்கள் எல்லாவற்றையும் எடுத்து என் கையில் வைத்தார். "ஓம், நான் ஏறவேணும்" என்று என்னிடம் தமிழிலும், பிறகு பத்ரோனிடம் பிரெஞ்சிலும் சொன்னார். பத்ரோன் வேண்டாம், அது பகிடி என்றார். நானும் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடும்" என்றார் மெல்ல. "நீர் மேலை நிக்க நான் கீழை நிண்டு பட்ட பாடு போதும்."

பத்ரோன் இருக்கையைக் கழற்றி உள்ளே எல்லாம் பார்த்து, மறுபடி பொருத்திய பிறகுதான் அவரை ஏற்றினார். விமானம் புல்லில் ஓடி எழும்பியது. நான் கீழே நின்றேன். ஒரு விமானம் என் தலைக்கு மேலால் போகும்போது ஓடாமல் நிமிர்ந்து நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தத் துணிக்கு மேலே காற்று இழுத்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முடிச்சாக நினைத்துப் பார்த்தேன். எல்லா முடிச்சிலும் சந்தேகம் வந்தது. நான் பறந்தபோது இந்தப் பயம் எனக்கு வரவில்லை. இந்த மனுசன் இதைப் பொறுத்துக்கொண்டு எப்படிக் கீழே நின்றார் என்று அப்போதுதான் விளங்கியது. சத்தம் தேய்ந்து, வட்டமடித்து, எங்களுக்கு மேலால் வந்து, மறுபடி போனது. அவர் கையைத் தூக்கவே இல்லை.

இறங்கி வந்தவர் நேராக என்னிடம் நடந்து வந்தார். முகத்தில் இரத்தம் இல்லை. புல்லில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுப் போத்தலைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"பயந்திட்டீங்களே?" என்று கேட்டேன்.

"கண்ணைத் திறந்து வைச்சிருந்தன்" என்றார். "எல்லாம் தெரியுது. நீர் என்ரை சட்டையை நெஞ்சோடை பிடிச்சுக்கொண்டு நிண்டது தெரிஞ்சது. அங்காலை ஒரு வீட்டிலை கொடியிலை உடுப்புக் காயுது. ஒரு பிள்ளை சைக்கிள் ஓடுது. அதின்ரை சட்டை சிவப்பு."

நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பங்கருக்குள்ளை இருக்கேக்கை அம்மா எங்களுக்குச் சொல்லுறவ. மேலை இருக்கிறவங்களுக்குக் கீழை ஒண்டும் தெரியாது, அவங்கள் தெரியாமல்தான் குண்டு போடுறாங்கள், ஆரையும் கோவிக்கக்கூடாது எண்டு. நான் இவ்வளவு காலமும் அதை நம்பிக்கொண்டு இருந்தனான்."

போத்தலை என் கையில் தந்துவிட்டு, அவர் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார்.

"அவங்களுக்கு எங்களைத் தெரிஞ்சிருக்கு" என்றார்.